40 சிட்டிங், 1,40,000 ரூபாய்: ஆக்சிஜன் சேம்பர்னு சொன்னா பணத்தை நீட்டிடாதீங்க

கை நடுங்குது, பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. என் பையனுக்கு 5 வயசு, மூளை முடக்குவாதம். பிடிச்சாத்தான் உக்காருவான். நாங்க தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர்.

தடைக்காலத்துல படகு கரையில கிடக்குற நேரமாப் பார்த்து, வெளியூர்ல ஒரு தனியார் தெரபி சென்டருக்குப் போனோம். பேர் போடல. அங்க இருந்ததுதான் இந்த ஆக்சிஜன் சேம்பர், மூடின கூண்டுக்குள்ள அழுத்தம் கூட்டி ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறது. உள்ள நுழைஞ்சதும் அங்க இருந்தவர் பையனை மடியில தூக்கி வச்சுக்கிட்டார். வாயில எச்சில் ஒழுகுச்சு. தன் கர்ச்சீப்பாலயே துடைச்சு விட்டார். எங்க சொந்தக்காரங்களே அப்படிச் செஞ்சதில்ல. அந்த இடத்துலதான் நான் விழுந்தேன். "அக்கா, கடலுக்கு அடியில இருந்து சட்டுன்னு மேல வர்ற டைவருக்கு உடம்பு இழுத்துக்கிட்டா இந்தச் சேம்பர்தான் வைத்தியம். தம்பிக்கும் மூளை முழிச்சுக்கும்"னார். டைவருக்கு அது வைத்தியம்ங்கிறது உண்மைதான். உண்மையை முன்னால வச்சே ஏமாத்திட்டாங்க.

சங்கிலி, வளையல் அடகு, மீதி மகளிர் குழுக் கடன். 1,40,000 ரூபாய். ரூம் வாடகை தனி.

40 முடிஞ்சுது. ஒரு மாத்தமும் இல்ல. கேட்டா "இன்னும் 20 போடுங்க". அப்புறம் "வீட்ல எக்ஸர்சைஸ் ஒழுங்காப் பண்ணலையாக்கா?" என் மேலயே பழி! பில் கேட்டா ஒரு துண்டுச் சீட்டு. பணத்தைத் திருப்பிக் கேட்டதுல இருந்து "சார் மீட்டிங்ல இருக்கார்"தான். வாட்ஸாப்ல நீல டிக் விழுது, பதில் இல்ல.

நேத்து ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில காட்டினோம். கனடாவுல 111 பிள்ளைகளுக்கு இதே 40 சிட்டிங் கொடுத்துப் பார்த்திருக்காங்களாம், 2001-லயே முடிவு வந்தாச்சாம். ஒரு பாதிக்கு அழுத்த ஆக்சிஜன், மறு பாதிக்கு லேசா அழுத்தின வெறும் காத்து. ரெண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம்தான். அதாவது ஆக்சிஜனால ஒண்ணும் கூடல. இத்தனை வருஷம் கழிச்சு எங்ககிட்ட அதையே வித்திருக்காங்க! அதை விட, இடுப்பு எக்ஸ்ரே எடுத்தா இடது மூட்டு விலக ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு மாசம் தினம் போனோமே, அங்க ஒருத்தராவது "இடுப்பை ஒரு படம் எடுங்க"ன்னு சொன்னாங்களா?

என்ன செய்யணும்னு விரிவா எழுத நினைச்சேன், முடியல. இதை மட்டும் பாருங்க. ஸ்டெம் செல் சிகிச்சைன்னு காசு கேட்டாலும் போகாதீங்க, இந்த நோய்க்கு அதை ஆராய்ச்சியாத்தான் செய்யலாம், அதுக்குக் காசு வாங்கக் கூடாது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு விலகலாம், அதனால இடுப்பு எக்ஸ்ரேவை டாக்டர் சொல்ற இடைவெளியில தவறாம எடுங்க. பிள்ளை தானா எதைச் செய்யணுமோ, கரண்டி பிடிக்கிறதோ உக்கார்றதோ, அதையே திரும்பத் திரும்பப் பழக்குற பயிற்சியைக் கேளுங்க. இந்த மாதிரிக் குறைபாடு உள்ளவங்களுக்கு நிராமயான்னு மத்திய அரசு மருத்துவக் காப்பீடு வருஷம் 1 லட்சம் வரைக்கும் இருக்கு, தெரபிக்கும் உண்டு. எனக்கு நேத்துதான் தெரியும்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு கொடுக்கிறேன். மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் இதே மாதிரி சேம்பருக்குப் பணம் கட்டினவங்க இருந்தா அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எடுத்துட்டு வாங்க, சேர்ந்தே கொடுப்போம்.