ஃப்ரைபுர்க்கா, சிங்கப்பூரா? ஓராண்டுப் படிப்பின் கார்பன் கணக்கு

சென்னையிலிருந்து ஓராண்டு வெளிநாட்டில் படிக்கப் போகிறவர், சுற்றுச்சூழலுக்கு அதிகக் கேடில்லாமல் அந்த ஆண்டைக் கழிக்க எந்த ஊர் நல்லது என்று கேட்டால், பலரும் கைகாட்டுவது ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கை. 1975இல் அருகிலுள்ள வீல் கிராமத்தில் அணு உலையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் வளர்ந்த ஊர் அது. பிரெஞ்சு ராணுவம் 1992இல் காலி செய்த முகாமில் உருவான வோபான் குடியிருப்பில், பெரும்பாலான வீடுகளின் வாசலில் கார் நிறுத்த முடியாது. சிங்கப்பூருக்கு அப்படிப்பட்ட பெயர் இல்லை. அங்கே மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. எங்கே நுழைந்தாலும் ஏசி.

ஆனால் படிக்கப் போகிறவர் முதலில் ஏறுவது விமானத்தில். ஒப்பீட்டையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஃப்ரைபுர்க் போகிறவர் விமானத்தில் இறங்குவது ஃப்ராங்க்ஃபர்ட்டில்; சென்னை - ஃப்ராங்க்ஃபர்ட் சுமார் 7,600 கிலோமீட்டர். சென்னை - சிங்கப்பூர் சுமார் 2,900. சாதாரண வகுப்புப் பயணிக்கு கிலோமீட்டருக்கு 90 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்று தோராயமாக வைத்துக்கொண்டால், போய்வர ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு 1.4 டன் அளவில் ஆகிறது. சிங்கப்பூருக்கு அரை டன். கிட்டத்தட்ட ஒரு டன்னான இந்த வித்தியாசத்தைத் துணிப்பையாலும் மூங்கில் பல்துலக்கியாலும் ஈடுகட்ட முடியாது.

சிங்கப்பூரின் இந்தச் சாதகம் கரையும் விதமும் எளிது. நான்கு மணி நேரப் பயணம், மலிவான டிக்கெட், வீட்டில் அம்மா. டிசம்பர் விடுமுறைக்கு ஒருமுறை, அக்கா திருமணத்துக்கு ஒருமுறை என்று வந்துபோனால், முதல் பயணத்தோடு சேர்த்து மூன்றாகிறது. ஃப்ராங்க்ஃபர்ட் கணக்கைத் தாண்டியாயிற்று. ஜெர்மனியிலும் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வகுப்புகள் இல்லாத நீண்ட இடைவெளி உண்டு. ஆனால் டிக்கெட் விலை கையைக் கட்டிவிடும்.

அடுத்தது அறை. சிங்கப்பூரில் ஏசி அறை இரவுக்கு 5 யூனிட் இழுத்தால், யூனிட்டுக்கு 0.4 கிலோ வீதம் 2 கிலோ. ஒன்பது மாதத்தில் அரை டன்னைத் தாண்டும். இன்னொரு முறை சென்னை போய்வந்ததற்குச் சமம். விசிறி மட்டும் உள்ள அறைகள் கிடைக்கும் விடுதிகளும் அங்கே உண்டு. சென்னையின் மே மாதத்தில் வளர்ந்தவருக்கு அது தண்டனை அல்ல. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பினாலே போதும்.

ஃப்ரைபுர்க்கில் ஏசிக்குப் பதில் ஹீட்டர். குளிர்காலத்தில் ஜன்னலைச் சற்றே சாய்த்து நாள் முழுதும் விடாமல், முழுதாகத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடும் பழக்கத்தை அங்கே யாரும் சொல்லிக்கொடுப்பார்கள். அன்றாட வாழ்க்கையில் அந்த ஊர் வெகு சுலபமாக வெல்கிறது. பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டால், ரயில் நிலையத்தை ஒட்டிய நீலப் பாலத்தில் காரே இல்லாமல் போய்வரலாம். ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கையில் வரும். குளிர்கால மேலங்கி முதல் சோற்றுப் பானை வரை, ‘இலவசம்’ என்று எழுதி வீட்டு வாசலில் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். இங்கிருந்தே புது ஜாக்கெட் வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் குப்பையில் பெரும்பகுதியை எரித்துச் சாம்பலை செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். அந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறது அரசு.

சாப்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை. கப்பலில் வரும் அரிசி, பருப்பைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஐரோப்பியக் கடையில் விமானத்தில் வந்து இறங்கும் முருங்கைக்காயை மட்டும் ஓராண்டு மறந்துவிட்டு, மாதா கோயில் சதுக்கச் சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கிக்கொள்ளலாம்.

தராசு மறுபடி சாய்வது வார இறுதியில். ஃப்ரைபுர்க்கிலிருந்து ஸ்ட்ராஸ்பூர், பாசெல், பாரிஸ் வரை ரயில் போகிறது. 2023 மே மாதம் வந்த ஜெர்மனி டிக்கெட்டில், அதிவேக ரயில்களைத் தவிர, நாடு முழுதும் உள்ளூர்ப் போக்குவரத்திலும் வட்டார ரயில்களிலும் மாதக் கட்டணத்தில் சுற்றலாம். சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் உண்டு, பாத்தாமுக்குப் படகு உண்டு. பாலி, பாங்காக் என்று நண்பர்கள் கிளம்பினால் விமானம்தான். ஃப்ரைபுர்க்குக்குப் பக்கத்திலும் மலிவு விமானங்கள் இறங்கும் பாசெல் விமான நிலையம் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே மறுக்க வழி இருக்கிறது.

ஆகவே, ஊர் சுற்றும் ஆசை இல்லாதவர், விசிறி அறைக்குச் சம்மதிப்பவர், ஓராண்டு வீட்டுக்கு வராமல் இருக்க முடிந்தவர் சிங்கப்பூர் போகட்டும். அவர் கணக்கை ஃப்ரைபுர்க் மாணவர் எட்டிப் பிடிப்பது கடினம். அப்படிப்பட்ட இருபது வயதுக்காரர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு ஃப்ரைபுர்க்கைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: அங்கே இரண்டு பருவங்களையும் சேர்த்தே முடிக்க வேண்டும். ஒரு பருவம் படித்துத் திரும்பி, மறு ஆண்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் அந்த 1.4 டன் இரட்டிப்பாகிவிடும்.