ஜெட் மோட்டார் ஓய்ந்த வீட்டுக்கு எது பொருந்தும்?

இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த எங்கள் வீட்டு ஜெட் மோட்டார் இந்தச் சித்திரையில் கைவிரித்துவிட்டது. காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் பிடிக்கும். பிடித்தாலும் 1,000 லிட்டர் தொட்டி நிறைய ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். எலக்ட்ரீஷியன் "காயில் கட்டிவிடலாம், சார்" என்றார்; மோட்டாருக்குள் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றுவதுதான் அது. எதிர்வீட்டுக்காரர் கம்ப்ரசரைத் தவிர வேறு எதையும் தொடாதே என்றார். கடைக்காரர் நீர்மூழ்கி மோட்டாரைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. மூவரில் ஒருவர்கூட என் போர்வெல் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்கவில்லை.

அதை நானே அளந்தேன். குழாயைக் கழற்றிய அன்று கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தேன். போர் 220 அடி. கார்த்திகை மழைக்குப் பின் 50 அடியில் நின்ற தண்ணீர், இப்போது 130 அடிக்குப் போயிருந்தது. இந்த அளவை வைத்துக்கொண்டு பார்த்தால் மூன்று யோசனைகளும் வேறு முகம் காட்டுகின்றன.

முதலில் பழைய ஜெட். மேலே இருக்கும் எந்தப் பம்பும் வெறும் உறிஞ்சு விசையால் 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை எடுப்பது கடினம். காற்றழுத்தம் அதற்கு மேல் தூக்கித் தராது. அதனால்தான் ஜெட் மோட்டாருக்கு இரண்டு குழாய். ஒன்றின் வழியாகத் தண்ணீரைக் கீழே அனுப்பி, அதன் வேகத்தால் மற்றொன்றில் மேலே தள்ளவைக்கிறது. மேலே வந்ததில் ஒரு பங்கு மீண்டும் கீழே போய்விடும். ஆழம் கூடக்கூட அந்தப் பங்கும் கூடும். தொட்டிக்கு வருவது குறையும், மின்சாரம் மட்டும் குறையாது. காயில் புதிதாகக் கட்டி, சீலும் பேரிங்கும் மாற்றினால் மோட்டார் புதிதாகிவிடும். 130 அடி 50 அடியாகிவிடாது. கோடையிலும் 60, 70 அடியில் தண்ணீர் நிற்கும் வீடு என்றால் நான் தயங்காமல் பழையதையே பழுது பார்த்திருப்பேன். மோட்டார் தரைக்கு மேலேயே இருப்பதால் எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் அரை நாளில் பிரித்துப் பூட்டிவிடுவார்.

கம்ப்ரசரை எங்கள் தெருவில் பலர் கொண்டாடுகிறார்கள், காரணமில்லாமல் இல்லை. போருக்குள் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. காற்றைக் கீழே செலுத்தினால் குமிழி கலந்த தண்ணீர் கனம் குறைந்து மேலே வருகிறது. மணல் வந்தாலும் கவலையில்லை. நடுவில் தண்ணீர் வற்றினாலும் உள்ளே கருகுவதற்கு ஒன்றுமில்லை. ஊற்று குறைந்த, மணல் தள்ளும், கோணலாக இறங்கிய போர்களுக்கு இதைவிடப் பொறுமைசாலி இல்லை.

ஆனால் ஒரு கணக்கை யாரும் சொல்வதில்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டுமோ, ஏறத்தாழ அந்த அளவுக்காவது குழாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் கம்ப்ரசர் ஒழுங்காக இழுக்கும். என் போரில் 130 அடியோடு மாடித் தொட்டிக்கு 30 அடி சேர்த்து 160 அடி ஏற்ற வேண்டும். முழுக இருப்பதோ 90 அடிதான். 400 அடி போர் வைத்திருக்கும் எதிர்வீட்டில் மருந்தாக வேலை செய்வது, என் வீட்டில் இருமிக்கொண்டு கிடக்கும். சத்தம் வேறு. விடியற்காலையில் அவர் வீட்டுக் கம்ப்ரசர்தான் எனக்கு அலாரம். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் ஆயில் வாடையும் தண்ணீரோடு சேர்ந்து வரும்.

இனி நீர்மூழ்கி. தண்ணீருக்குள்ளேயே இருந்து தள்ளுவதால் உறிஞ்சும் பிரச்சினையே இல்லை. என் தேவையைக் கூட்டினேன்: ஓடும்போது மட்டம் இன்னும் 30 அடி இறங்கும் என்று வைத்துக்கொண்டால் 160, தொட்டிக்கு 30, குழாய் உராய்வுக்கு 10. மொத்தம் 200 அடி. அந்த உயரத்துக்கு மணிக்கு 2,000 லிட்டர் தரும் 1 எச்பி மோட்டார் போதும். அரை மணியில் தொட்டி நிறையும், அரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். பழைய ஜெட் ஏறக்குறைய இரண்டு யூனிட் தின்றது. நாளுக்கு ஒரு தொட்டி என்றால் இரண்டு மாத பில்லில் 80 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம். 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இது சிறிய தொகையல்ல.

கடைக்காரர் 400 அடிக்குத் தள்ளும் 2 எச்பி மோட்டாரை எடுத்து வைத்தார். "பின்னாடி உதவும்" என்றார். உதவாது. ஊற்று தருவதைவிட வேகமாக இழுக்கும் மோட்டார் போரை வற்றவைத்து, தானும் வெறும் ஓட்டம் ஓடிக் கருகும். போர் எவ்வளவு தரும் என்பதை, தெரிந்த ஒருவரிடம் மோட்டார் இரவல் வாங்கி இறக்கி, 20 லிட்டர் வாளியை வைத்துச் சோதித்தேன். 36 நொடியில் நிறைந்தால் மணிக்கு 2,000 லிட்டர். ஒரு மணி நேரம் ஓடிய பின்னும் வாளிக் கணக்கு மாறவில்லை.

நீர்மூழ்கியிலும் குறை உண்டு. பழுதானால் குழாய், கேபிள், கயிறு எல்லாவற்றையும் மேலே இழுக்க வேண்டும். அந்தக் கூலி ஒவ்வொரு முறையும் வலிக்கும். தண்ணீரைத் தள்ளும் சுழல்தட்டான இம்பெல்லரை மணல் அரித்துவிடும். போரின் மண் சரியாமல் இறக்கிய பழைய 4 அங்குலக் கேசிங் பைப்பில் சாதாரண 4 அங்குல மோட்டார் சிக்கிக்கொள்ளலாம். அதே பருமனுள்ள குழாய்த் துண்டைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்கிப் பார்ப்பது நல்லது. சிக்கினால் 3 அங்குல மோட்டார்தான் வழி.

மோட்டார் உள்ளே ஆயில் நிரப்பியதா, தண்ணீர் நிரப்பியதா என்பதில் நான் அதிகம் யோசிக்கவில்லை. ஆயில் வகை பெரும்பாலும் விலை குறைவு. ஆனால் சீல் கசிந்தால் ஆயில் நாம் குடிக்கும் தண்ணீரில் கலக்கும். தண்ணீர் வகையையே வாங்கினேன். இறக்கும் முன் மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட வேண்டும். அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அடியில் இருபது அடி விட்டுத் தொங்கவிட்டு, தண்ணீர் வற்றினால் தானே நிறுத்தும் பேனல் பெட்டியும் மாட்டியாயிற்று.

பழைய ஜெட்டை எடைக்குப் போடவில்லை. சீல் மாற்றி, இரண்டாவது வாயை அடைத்து, தரைக்கடியில் இருக்கும் ஏழடி ஆழத் தொட்டியான சம்ப்பின் மேல் உட்காரவைத்திருக்கிறேன். நகராட்சித் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிறது. அங்கே ஒரு குறையும் சொல்லாமல் ஓடுகிறது.