18 வயது டிஃபென்ஸ் பையனுக்கு என்.எச்.எல். ஒப்பந்தமா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

ஐஸ் ஹாக்கி ஆடும் மகன் ஃபார்வர்ட் (முன்னால் போய் கோல் தேடுபவன்) என்றால் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம். டிஃபென்ஸ் (பின்னால் நின்று தடுப்பவன்) ஆடுகிறான், வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகான என்.எச்.எல்.லின் டிராஃப்டில் (அணிகள் வரிசை முறையில் இளம் வீரர்களை எடுப்பது) முதல் சுற்றிலேயே எடுத்துவிட்டார்கள் என்றால் மேலே படியுங்கள்.

கோட்டை விடுவது பெரும்பாலும் 10ஆவது ஆட்டத்தில்தான். 9 ஆட்டத்துக்குள் ஜூனியருக்கு (இளைஞர் லீக்) திரும்பினால் மூன்றாண்டு ஒப்பந்தம் தொடங்காமல் ஓராண்டு தள்ளிப்போகும். 10ஆவது ஆடினால் முதலாண்டு கழிந்தது. ஏஜென்ட் இதையே நல்ல சேதியாகச் சொல்வார்: அடுத்த ஒப்பந்தம் சீக்கிரம் வரும், ஏழு சீசன் முடித்தால் 25 வயதிலேயே விரும்பிய அணிக்குப் போகலாம். கணக்கு சரிதான். அந்த அடுத்த ஒப்பந்தத்தைத் தடுமாறிய மூன்று வருட ஆட்டத்தை வைத்துத்தான் பேரம் பேசுவார்கள் என்பது மட்டும் அவர் வாயில் வராது.

தடுமாற்றம் எங்கே? பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) மூலைக்குப் போகிறது, பையன் துரத்துகிறான். ஜூனியரில் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் போதும். என்.எச்.எல்.லில் தளத்தின் ஓரப் பலகையை எட்டுவதற்குள் இரண்டு முறை பார்த்திருக்க வேண்டும். பின்னால் வருபவர் 95 கிலோ ஆள். அரை விநாடி பிந்தினால் இடி, பக் பறிபோய் நேரே வலைக்கு முன்னால். ஃபார்வர்ட் சொதப்பினால் பின்னால் இரண்டு பேர் உண்டு. இவன் சொதப்பினால் கோல்கீப்பர் மட்டும்தான். நாலு தடவை இப்படி அடிபட்டவன் பாஸ் தேடுவதையே விட்டுவிட்டுக் பலகைக்கு மேலுள்ள கண்ணாடியில் அடித்து பக்கை வெளியே தள்ளுவான். பயிற்சியாளருக்கு நிம்மதி. எந்த ஆட்டத்தைப் பார்த்து எடுத்தார்களோ, அது போயிற்று.

2008 டிராஃப்டையே பாருங்கள். ஐந்தாவதாக வந்த லூக் ஷென்னை டொராண்டோ அந்த வருடமே இறக்கியது: 70 ஆட்டம், ஆல்-ரூக்கி அணியில் (முதல் வருட வீரர்களில் சிறந்தவர்கள் பட்டியல்) இடம், ஊரெல்லாம் பாராட்டு. (முதல் வருடப் பாராட்டை நம்பவே கூடாது.) 2012இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள், 29 வயதில் ஏ.எச்.எல்.லில் (என்.எச்.எல்.லுக்கு அடுத்த கீழ் லீக்) ஆடிவிட்டு மேலே வந்தார். டாம்பாவில் இரண்டு ஸ்டான்லி கோப்பை (என்.எச்.எல். சாம்பியன் கோப்பை) வென்றது அதற்குப் பிறகு. நான்காவதாக வந்த பியட்ராஞ்சலோவை செயின்ட் லூயிஸ் ஒரு வருடம் 8, மறு வருடம் 9 ஆட்டத்தோடு ஜூனியருக்கு அனுப்பியது. 2019 கோப்பையைத் தூக்கிய கேப்டன் அவர்தான். 38ஆவது ஆளான ரோமன் யோசி 2011இல்தான் என்.எச்.எல். வந்தார், 2020இல் சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நாரிஸ் விருது. இரண்டாவதாக வந்த டவுட்டி 18 வயதிலேயே நிலைத்தாரே என்பீர்கள். நிலைத்தார். உங்கள் பையன் டவுட்டியா?

ஆகக் கெட்டது ஆறு பேர் ஆடும் இடத்தில் ஏழாவது டிஃபென்ஸ் ஆளாக வைத்திருப்பது: சூட் போட்டு மேலே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற வேலை. கனடிய ஜூனியர் லீகிலிருந்து வரும் 18 வயதுப் பையனை ஏ.எச்.எல்.லுக்கு அனுப்பவும் விதி இடம் தராது. மேலே உட்காரணும், இல்லை ஜூனியர். ஜூனியருக்குப் போனால் பவர் பிளேயும் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) சேர்த்து ஆட்டத்துக்கு 25 நிமிடம் கிடைக்கும்.

அதனால் முகாமுக்கு முன்பே பொது மேலாளரிடம் கேளுங்கள்: ஜோடி யார், இடமா வலமா, எத்தனை நிமிடம், தொடர்ந்து மூன்று ஆட்டம் வெளியே உட்காரவைத்தால் திருப்பி அனுப்புவீர்களா? "பார்க்கலாம்" என்று இழுத்தால் பையன் ஜூனியரிலேயே இருக்கட்டும்.