பழைய கார் ஏசி: ஓ-ரிங் மட்டுமா, ஹோஸும் சேர்த்தா?

1990களின் தொடக்கம் வரை வந்த கார்களின் ஏசியில் பெரும்பாலும் ஆர்-12 என்ற குளிரூட்டும் கேஸ்தான். அதை ஆர்-134ஏ என்ற புதிய கேஸுக்கு மாற்றும்போது எவ்வளவு பிரிப்பது என்பதில்தான் குழப்பம்: இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களை மட்டும் மாற்றுவதா, கேஸ் போகும் ஹோஸையும் மாற்றுவதா? புதிய கேஸின் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர் வழியாகவே மெல்ல வெளியேறும்.

செலவு
ஓ-ரிங் மட்டும்: பொருள் விலை சொற்பம், கூலிதான் செலவு.
ஹோஸும்: பல மடங்கு. முனைகளை அழுத்திப் பொருத்த (கிரிம்ப் செய்ய) மெஷின் உள்ள கடையும் வேண்டும்.

கசிவு
ஓ-ரிங் மட்டும்: எச்என்பிஆர் என்ற செயற்கை ரப்பர் வகையைப் போட்டால் இணைப்புகள் தாங்கும். ஹோஸில் பல வருட மினரல் ஆயில் ஊறியிருப்பதால் ஓரளவு அதுவே அடைத்துக்கொள்ளும். ஆனால் வெடிப்பு விட்ட ஹோஸை எதுவும் காப்பாற்றாது.
ஹோஸும்: உள்ளே நைலான் அடுக்குள்ள பேரியர் ஹோஸ். கசிவு மிகக் குறைவு.

எதைத் தேர்ந்தாலும் ஈரம் உறிஞ்சும் ட்ரையர் புதிது, ஆயில் புதிய கேஸுக்கு ஏற்ற எஸ்டர் அல்லது பிஏஜி வகை, நைட்ரஜன் அடித்துச் சோதனை. கேஸை நிரப்பிவிட்டுக் கசிவு தேடும் மெக்கானிக் எனக்கு ஒத்துவராது. லீக் அடைக்கும் திரவமும் வேண்டாம், கடையில் கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷினையே அடைக்கும்.

எப்போதாவது ஓட்டும் கார், ஹோஸ் இன்னும் மிருதுவாக இருக்கிறது என்றால் ஓ-ரிங் போதும். தினமும் வெயிலில் ஓடும் வண்டிக்கு ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.