எடைப் போர்வை: கண்ணாடி மணியா, பின்னல் ரகமா, இல்லை வீட்டு போல்ஸ்டரே போதுமா?

சிங்கப்பூரில் வெயிட்டட் பிளாங்கெட், அதாவது நன்றாகத் தூங்க உதவும் என்று வேண்டுமென்றே கனமாகச் செய்த எடைப் போர்வை, வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "ராத்திரி ஏர்கான் போட்டுத் தூங்குவீங்களா, இல்ல காத்தாடி மட்டும்தானா?" கேட்கிறவர் எத்தனை கிலோ, எத்தனை வெள்ளி, எந்த பிராண்டு என்று பட்டியலோடு வந்திருப்பார், இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் சுருங்கும். ஆனால் இங்கே பாதி முடிவு அதிலேயே ஆகிவிடுகிறது. இந்தப் போர்வைகளைப் பற்றி இணையத்தில் புகழ்ந்து தள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் குளிர் ஊர்க்காரர்கள். நம் ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19.4 டிகிரி, அதுவும் 1934இல். விடியற்காலையிலும் 25ஐ ஒட்டியே நிற்கிற பிசுபிசுத்த காற்றில் ஆறு ஏழு கிலோவைப் போர்த்திக்கொள்வதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில், இதில் சரக்கு இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. சுவீடனில் செய்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற சிக்கல்களோடு தூக்கமின்மையும் இருந்த 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உள்ளே உலோகச் சங்கிலி கோத்த 8 கிலோ போர்வையும் (பாரம் தாங்காதவர்களுக்கு 6 கிலோ), மறு பாதிக்கு ஒன்றரைக் கிலோ போர்வையும் கொடுத்தார்கள். நாலு வாரம் கழித்துப் பார்த்தால் கனமான போர்வைக்காரர்களில் 42 சதவீதம் பேருக்குத் தூக்கமின்மை ஏறக்குறைய விலகியிருந்தது, மற்றவர்களில் 4 சதவீதத்துக்கும் குறைவு. எண்ணைப் பார்த்ததும் கடைக்கு ஓடத் தோன்றும். ஆனால் தன்மேல் கிடப்பது கனமா லேசா என்பது போர்த்தியவருக்கே தெரியும்தானே, மாத்திரை ஆய்வில் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து மறைப்பதுபோல இதில் மறைக்க முடியாது, அதனால் எதிர்பார்ப்பும் சேர்ந்தே வேலை செய்திருக்கும். 2014இல் ஆட்டிசம் உள்ள 67 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் எடைப் போர்வையால் தூக்க நேரம் கூடவே இல்லை, ஆனாலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வைதான் பிடித்திருந்தது. பிடிக்கிறது என்பதும் ஒரு பலன்தான், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2022இல் சுவீடனின் உப்சாலாவில் 26 இளைஞர்களை வைத்துப் பார்த்தபோது படுக்கப்போகும் நேரத்தில் எச்சிலில் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலட்டோனின் கூடுதலாக ஏறியது, ஆனால் தூங்கிய நேரம் மாறவில்லை.

வலி விஷயம் இன்னும் சுவாரசியம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகக் குழு நாள்பட்ட வலியுள்ள 94 பேருக்கு ஒரு வாரம் சுமார் 6.8 கிலோ போர்வையும் 2.3 கிலோ போர்வையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது. கனமான போர்வை கிடைத்தவர்களுக்கு வலி தன் வாழ்க்கையை எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்கிற பொதுவான உணர்வு குறைந்தது, அதுவும் இயல்பிலேயே பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. ஆனால் வலி எவ்வளவு என்று எண் போடச் சொன்னால் அந்த எண் இறங்கவில்லை. அதாவது வலி அங்கேயேதான் இருக்கிறது, அதோடு படுத்திருக்கிற மனசு கொஞ்சம் அடங்குகிறது. முழங்கை இடித்தால் உடனே தேய்த்துக்கொள்கிறோமே, அழுத்தமும் தொடுதலும் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்று 1965இல் மெல்சாக், வால் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன கருத்தைக் காட்டி விற்கிற கடைகள் உண்டு. கருத்து சரிதான், ஆனால் போர்வை அந்த அளவுக்குச் செய்கிறது என்று இந்த ஆய்வு காட்டவில்லை. மூட்டு வலிக்கு மருந்தாக நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். வலியால் ராத்திரி புரண்டு புரண்டு படுத்து, மனசு ஓயாமல் அலைகிறவர்களுக்கு முயன்று பார்க்கலாம்.

சரி, ரகங்களுக்கு வருவோம்.

கடையில் மலிவாகக் கிடைப்பது பிளாஸ்டிக் மணி போட்டது. மேலே பஞ்சுபோல மிருதுவான பாலியெஸ்டர், தொட்டுப் பார்த்தால் பூனைக்குட்டியைத் தடவுகிற சுகம், உள்ளே பாலிப்ரொப்பிலீன் குருணை. இந்தப் பிளாஸ்டிக் தண்ணீரில் மிதக்கிற சாதி. கண்ணாடியோ தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு அடர்த்தி. அதனால் அதே ஆறு கிலோவுக்குப் பிளாஸ்டிக் குருணை ஏறக்குறைய மூன்று மடங்கு இடத்தை அடைக்கும், போர்வை தடித்துப் போகும், புரளும்போது சரசரவென்று சத்தம் வரும், மணி அடங்கி இருக்க நடுவில் பாலியெஸ்டர் பஞ்சையும் அடைத்துத் தைப்பார்கள். இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஒன்றை யோசித்தால்கூடச் செய்ய முடியாது. விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

கண்ணாடி மணி ரகத்தில் மணி மணல்போல நயமாக இருக்கும், சத்தமே வராது, போர்வை மெல்லிசு. வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, தையல் கட்டங்கள் உள்ளங்கை அளவில் சின்னதாக இருக்க வேண்டும், கட்டம் பெரிசானால் மணியெல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, கால்பக்கம் மூட்டையாகவும் நெஞ்சுப்பக்கம் வெறுந்துணியாகவும் கிடக்கும். இரண்டு, மேல்துணி பாலியெஸ்டராக இல்லாமல் பருத்தியிலோ, மூங்கில் விஸ்கோஸிலோ, டென்செல் என்கிற மரக்கூழ் நூலிலோ இருக்கிறதா என்று. இணையத்தில் நான் வாங்கிய ஒன்றில் ஓரத்தையல் ஒரு விரல்கடை அளவுக்குப் பிரிந்தது. அந்த மணிகள் வழவழப்பான மார்பிள் தரையில் கண்ணுக்கே தெரியாது, வெளிச்சம் படும்போது மட்டும் சர்க்கரை கொட்டினாற்போல மினுங்கும், வெறுங்காலை வைத்தால் வழுக்கும். விளக்குமாறு வைத்துக் கூட்டினால் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும், ஈரத்துணியால் ஒத்தி எடுத்தால்தான் மாட்டும். விற்றவரிடம் படம் எடுத்து அனுப்பினேன், பதில் வந்தது, பணம் வரவில்லை. வயசானவர்களோ தவழுகிற பிள்ளையோ இருக்கிற வீட்டில் மாதம் ஒருமுறை தையலை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

ஏர்கான் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கண்ணாடி மணி ரகம்தான் என் தேர்வு. இங்கே அரசாங்கம் சொல்கிற 25 டிகிரியில் வைத்தால் பருத்தி மேலுறையோடு தாராளமாகத் தாங்கலாம். இதைப் போர்த்திக்கொள்வதற்காகவே ஏர்கானை 20க்கு இறக்குகிற நண்பர்களைப் பார்க்கிறேன், அப்படியானால் போர்வையின் விலையோடு மாதாமாதம் மின்கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

காத்தாடிக்காரர்களுக்குப் பின்னல் ரகம். உள்ளே மணி, குருணை எதுவும் கிடையாது, கட்டைவிரல் தடிமனுக்குப் பருத்தி நூல் உருளை, அதைப் பெரிய பெரிய கண்ணியாகப் பின்னியிருப்பார்கள், பாரம் முழுக்க நூலுடையது. கண்ணி வழியாகக் காற்று போகும். முதல் ராத்திரியே வித்தியாசம் தெரியும்: மணிப் போர்வைக்குள் முதுகும் முழங்கால் மடிப்பும் நனைகிற நேரத்தில் இதில் வெறும் வெதுவெதுப்புதான். குறை என்ன? விலை கூடுதல். கால்விரல் கண்ணிக்குள் மாட்டும், தூக்கக் கலக்கத்தில் கழிவறைக்கு எழுந்தால் இழுத்துத் தள்ளும், ஆகவே முதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கொலுசு, மெட்டி போட்டவர்கள் நூலை இழுத்துவிடுவார்கள். நாளடைவில் பாரத்தால் தானே தொய்ந்து நீளும். அப்புறம் துவைப்பது.

துவைப்பதைப் பற்றி விற்கிறவர்கள் வாயே திறப்பதில்லை. வீவக வீடுகளில் (அரசாங்க அடுக்குமாடி வீடுகளில்) சாதாரணமாக இருக்கிற ஏழெட்டுக் கிலோ சலவை இயந்திரத்தின் கணக்கு உலர்ந்த துணிக்கு உள்ளது, ஏழு கிலோ போர்வையை அதில் திணித்தால் டிரம் முழுக்க அதுவே, தண்ணீர் குடித்த பிறகு என்ன கனம் கனக்கும் என்று யோசியுங்கள். புளோக்குக்குக் கீழே காசு போட்டுத் துவைக்கும் கடை இருந்தால் அங்கே உள்ள பெரிய இயந்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். காய வைப்பது அடுத்த கூத்து. பின்னல் போர்வையைக் கழியில் மாட்டினால் ஈரத்தின் பாரத்தில் இழுபட்டு வடிவம் போய்விடும், அதைவிட முக்கியம், அந்தக் கனத்தை மாடி ஜன்னலுக்கு வெளியே கழியில் நீட்டவே கூடாது, கீழே நடக்கிறவர் தலைக்கு உத்தரவாதம் யார்? வீட்டுக்குள் தட்டையாக விரித்து, காத்தாடியைத் திருப்பிவிட்டு, இரண்டு பக்கமும் புரட்டிக் காய வைக்க வேண்டும், மழைமாதத்தில் பூசணவாசம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி மணி ரகம் இந்த ஒரு விஷயத்தில் ஜெயிக்கிறது: நாடா கட்டி மாட்டுகிற மேலுறையைக் கழற்றி அதை மட்டும் வாராவாரம் துவைத்தால் போதும். நாடா இல்லாத உறையை வாங்கினால் உள்ளே போர்வை சுருண்டு ஒரு பக்கம் போய்விடும்.

எத்தனை கிலோ? உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அது கைக்கணக்கு, சட்டம் இல்லை. சுவீடன்காரர்கள் எடை பார்க்காமல் எட்டைக் கொடுத்து, முடியாதவர்களுக்கு ஆறு ஆக்கினார்கள், கலிபோர்னியாவில் கனமான பக்கம் விழுந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே எடை. 95 கிலோ ஆளுக்கு ஒன்பதரைக் கிலோ தேவை என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. தூக்கத்துக்கு என்றால் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பிக்கலாம். வலிக்கு என்றால் நான் இன்னும் இறங்கி, நாலு கிலோ சுற்றில் நிற்பேன், ஏனென்றால் வலியுள்ள உடம்புக்குப் புரண்டு படுக்கிற சுதந்திரம் பாரத்தைவிட முக்கியம். ஈசூனில் இருக்கிற என் அத்தைக்கு ஒருமுறை என்னுடையதைப் போர்த்திவிட்டு, "பாரமா இருக்கா அத்தை?" என்றேன். "பாரம் பரவாயில்லப்பா, இடுப்பைத் திருப்பத்தான் முடியல" என்றார். ஃபைப்ரோமயால்ஜியா மாதிரி தொட்டாலே வலிக்கிற நிலையில் சிலருக்கு இந்த அழுத்தம் சுகமாகவும் சிலருக்கு வாதையாகவும் இருக்கும், போர்த்திப் பார்க்காமல் தெரியாது.

வலிக்காரர்களுக்கு முழுப் போர்வையைவிட மடியில் போடுகிற குட்டித் திண்டு நல்லது என்பது என் கட்சி. இரண்டு கிலோ சுற்றில் வரும், முழங்காலிலோ தொடையிலோ இடுப்பிலோ வேண்டிய இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம், விலையும் குறைவு, வியர்க்காது, வேண்டாம் என்றால் ஒரு கையால் தள்ளிவிடலாம். காசே செலவழிக்காமல் சோதிக்க வேண்டுமா, ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமுக்காளம் பீரோ மேல் தூங்கிக்கொண்டிருக்கும், அதை நாலாக மடித்து மெல்லிய துணியைச் சுற்றித் தொடைமேல் போட்டுப் பாருங்கள். சொரசொரப்புதான், ஆனால் பாரம் உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும். பக்கவாட்டில் படுக்கிறவர்களுக்கு இந்த ஊர் வீடுகளில் எப்போதும் இருக்கிற போல்ஸ்டரை, அதாவது நீள உருளைத் தலையணையை, முழங்கால்களுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டால் இடுப்புக்குக் கிடைக்கிற தாங்கல் எந்த எடைப் போர்வையிலும் கிடைக்காது. கோடாலித் தைலமும் வெந்நீர்ப் பையும் போட்டியில் இருக்கின்றன, குறிப்பிட்ட ஒரு இடத்து வலிக்கு அவைதான் முந்தும். ஆனால் தைலம் தேய்த்த இடத்தின்மேல் சூட்டுப் பையை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

தூக்கமின்மை மாதக்கணக்கில் இருந்தால் போர்வை இரண்டாவது விஷயம். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016லேயே, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கும் முன்னால் சிபிடி-ஐ என்கிற பேச்சு, பழக்கப் பயிற்சிதான் முதல் சிகிச்சை என்று சொல்லிவிட்டது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) அதைப் பற்றிக் கேளுங்கள்.

தன் கையால் தள்ளிவிட முடியாதவர் யாருக்கும் எடைப் போர்வை கூடாது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்கள், ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், காலில் ரத்த ஓட்டம் சரியில்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். மரத்த காலில் அழுத்தம் புண்ணாக்கினாலும் தெரியாது, நம் ஆட்களில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை இருக்கிறது சொல்லுங்கள். கைக்குழந்தைக்கு எடை வைத்த போர்வையும் வேண்டாம், எடை வைத்த தூக்கச் சட்டையும் வேண்டாம், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் இதைத் தெளிவாகவே சொன்னது.

கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துக் கிங் சைஸில் ஒன்று வாங்கினால் மலிவாச்சே என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. பத்துக் கிலோவில் ஆளுக்குப் பாதிகூட விழாது, மிச்சம் கட்டில் ஓரத்தில் தொங்கி, போர்வையையே தரைக்கு இழுத்துக்கொண்டு போகும், ஒருத்தர் புரண்டால் இன்னொருத்தரும் புரள வேண்டும். ஒற்றைக்கட்டில் அளவில், உடம்பை மட்டும் மூடுகிற மாதிரி, தேவைப்படுகிறவருக்கு ஒன்று வாங்குங்கள்.