பல் கம்பிச் சோதனை: செல் மேல் வைப்பதா, சாறு இறக்குவதா?

தஞ்சாவூர்ப் பக்கம் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) படிக்கும் ஜூனியர்கள், ஆர்த்தோ பொருள்களின், அதாவது பல்லை வரிசையாக்கப் போடும் கம்பி, பிராக்கெட் போன்றவற்றின் உயிரிணக்கத்தை (உடல் செல்களுக்குக் கெடுதல் செய்யாத தன்மையை) ஆய்வுக்கு எடுத்ததும் கேட்பது இதைத்தான்: கம்பியை நேராகச் செல்களின் மேல் வைத்துப் பார்ப்பதா, ஊறவைத்துச் சாறு இறக்கி அதைச் செல்களுக்குக் கொடுப்பதா? மருத்துவப் பொருள்களின் செல் நச்சுச் சோதனைக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 10993-5 இரண்டையும் ஏற்கிறது. நான் செய்தது சாற்று முறை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

செல் வளர்ப்புப் பாடு இரண்டுக்கும் பொது. எல்929 என்ற சுண்டெலிச் செல் வகை, 37 டிகிரியில் 5 சதவீத கரியமில வாயுவோடு ஓடும் இன்குபேட்டர் எல்லாம் ஒன்றுதான். கரண்ட் போனால் இரண்டும் போச்சு. ஜெனரேட்டர் இல்லாத லேபில் ஐப்பசி, கார்த்திகையில் எதையும் தொடங்க வேண்டாம் என்று, 2018 கஜா புயலைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது பொருளின் வடிவம். செல் மேல் நேராக வைக்கும் நேரடித் தொடுகை முறைக்குப் பொருளின் ஒரு பக்கமாவது தட்டையாக இருக்க வேண்டும். பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட்டில் அது ஏது? அடிப்பாகமே பல்லின் வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கும். கம்பியோ உருளும், உருண்டால் செல் படலத்தைச் சுரண்டிவிடும். செல் சேதத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும்போதுதான் வினை. சேதம் சோதிக்கும் பொருளுக்கு அடியில் மட்டும் இருந்தால் 2, வெளியே பரவியிருந்தால் 3. இரண்டுக்கு மேல் போனால் நச்சு. செல் வளரும் தட்டை மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுபோகும் வழியில் கம்பி கொஞ்சம் நகர்ந்தாலே 2 என்பது 3 ஆகிவிடும். செல்லைக் கொன்றது கம்பியிலிருந்து கசிந்த நிக்கலா, உரசலா என்று தேர்வாளர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சாற்று முறையில் அந்தக் கேள்வியே எழாது. சாற்றைப் படிப்படியாக நீர்க்கவைத்து, எம்.டி.டி. (உயிருள்ள செல்களில் நிறம் மாறும் சாயம்) போட்டு அந்த நிறத்தை 570 நானோமீட்டர் ஒளியில் அளந்தால், செல்களின் உயிர்ப்பு எந்தச் செறிவில் நச்சு வரம்பான 70 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது என்று எண்ணாகவே கிடைக்கும். மிச்சச் சாற்றில் நிக்கலையும் அளந்துகொள்ளலாம்.

அதற்காகச் சாறும் வாயும் ஒன்றாகிவிடாது. 0.016 அங்குலக் கம்பி அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியது என்பதால் ஊறவைக்கும் திரவம் 1 மி.லி.க்கு 6 சதுர செ.மீ. கம்பிப் பரப்பு போட வேண்டும். கணக்குப் பார்த்தால் சுமார் 47 செ.மீ. நீளம். வாயில் இருப்பதோ மேலொன்று கீழொன்று, அதுவும் நாளெல்லாம் ஊறும் எச்சிலில். அந்த வகையில் சோதனை ரொம்பக் கடுமை. ஆனால் வாயில் கம்பி பிராக்கெட்டோடு உரசிக்கொண்டே இருக்கும், புளிச்சோறும் மோரும் படும். குப்பியில் சும்மா ஊறுகிற கம்பிக்கு அதெல்லாம் கிடையாது. அமிலமான செயற்கை எச்சிலில் ஊறவைக்கலாம், சரி. அப்போது அமிலமே செல்லைக் கொன்றுவிடக்கூடும். கம்பி போடாத அதே திரவத்தைக் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ட்ரோலாகக் கட்டாயம் வையுங்கள். கும்பகோணம் வெற்றிலையும் சுண்ணாம்பும் போடுகிற வாய்க்கு எது பொருத்தமான எச்சில் என்பதை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

பிராக்கெட் ஒட்டும் ரெசின் மட்டும் விதிவிலக்காகலாம். அதைத் தட்டையான வில்லையாக வார்த்து, ஒளி காட்டிக் கெட்டியாக்க முடியும், உருளாது, சுரண்டாது. முழுசாகக் கெட்டியாகாத ரெசினிலிருந்து கசியும் மோனோமரை (இணையாமல் நின்ற மூலக்கூறுகளை) பிடிக்க நேரடித் தொடுகை போதும் என்றே நினைக்கிறேன். என் வேலை உலோகத்தோடு நின்றுவிட்டதால், ரெசின் எடுப்பவர்கள் முதலில் இரண்டு முறையிலும் சின்னதாக ஒரு முன்னோட்டம் பார்த்துவிடுங்கள்.