கண்ணாடியா, சொட்டு மருந்தா, மலையா?

மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் எங்கள் அலுவலகத் தளத்தில் மாலை நாலு மணிக்கு மேல் அடிக்கடி காதில் விழுவது "மோ லிஸியே பெ ப்ரிலே". கிரியோலில் கண்ணு எரியுது என்று அர்த்தம். நாங்கள் பிரான்ஸ் வாடிக்கையாளர்களுக்கு வேலை பார்க்கிறோம். அங்கே கோடையில் நம்மைவிட இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் பின்தங்கியிருக்கும். அவர்கள் மதியச் சாப்பாடு முடிந்து தெம்பாக மின்னஞ்சல் அனுப்பும் நேரத்தில் நம் கண்கள் ஒரு முழு நாளைப் பார்த்து முடித்திருக்கும்.

இதற்கு ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். நான் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன்.

முதலில் வாங்கியது நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி. கடையில் பவர் கண்ணாடி கேட்டாலே இந்தப் பூச்சையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் திரட்டி அலசியது. குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதில் இதற்கும் சாதாரண கண்ணாடிக்கும் வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை என்றது. யோசித்தால் புரியும்: மெட்ரோவிலிருந்து இறங்கி வெயிலில் நடக்கும்போது கண்ணில் படும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரை தருவது அற்பம். எரிச்சலுக்குக் காரணம் வேறு.

கண் சிமிட்டல்தான் காரணம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது சிமிட்டுவோம். திரையில் மூழ்கினால் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். கண்ணீர்ப் படலம் காய்ந்துவிடும். மேலே ஏசி வேறு. இந்த வறட்சிக்குச் சொட்டு மருந்து பொருத்தமான பதில்தான், ஆனால் எந்தச் சொட்டு என்று பார்க்க வேண்டும். செயற்கைக் கண்ணீர் ஒரு ரகம். சிவப்பைப் போக்கி வெள்ளையாக்கும் சொட்டு இன்னொரு ரகம். பின்னது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அடிக்கடி போட்டுப் பழகினால், விட்டதும் முன்பைவிடச் சிவக்கும். செயற்கைக் கண்ணீரையும் ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால், பதனப்பொருள் சேர்க்காததைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆனால் என் விஷயத்தில் சொட்டைத் தோற்கடித்தது ஒரு ஸ்டூல். என் தலைக்கு மேலிருந்த ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தது. பராமரிப்புப் பையன் ஸ்டூலில் ஏறித் தகடைத் திருப்பிவிட்டான். திரையையும் ஒரு சாண் இறக்கினேன். பார்வை சற்றுத் தாழ்ந்தால் இமை கண்ணை அதிகம் மூடும், காற்றுப் படும் பரப்பு குறையும். சொட்டுப் பாட்டில் இழுப்பறைக்குள் போய்விட்டது.

திரையின் பின்னணியைக் கறுப்பாக்குவது (டார்க் மோட்) ஆளைப் பொறுத்தது. எனக்கு அஸ்டிக்மாடிசம், அதாவது விழியின் வளைவு சீராக இல்லாத குறை, கறுப்பில் வெள்ளை எழுத்து இறகு முளைத்தது போல் சிதறுகிறது.

காசு கொடுத்து வாங்கியதில் எனக்குப் பலன் தந்தது ஒன்றே: கம்ப்யூட்டர் தூரத்துக்கென்று செய்த கண்ணாடி. வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் இதை யோசியுங்கள். படிக்கும் கண்ணாடி ஏறக்குறைய 40 செ.மீ.க்கு, என் திரையோ 65 செ.மீ.யில் இருக்கிறது. தூரத்துக்கு மேலேயும் கிட்டத்துக்குக் கீழேயும் பவர் வைத்த புரோக்ரஸிவ் கண்ணாடி போட்டால் மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போகும். கண்ணிலிருந்து திரைக்கு எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்து, அந்த எண்ணோடு கண் பரிசோதனைக்குப் போங்கள். இருபத்தைந்து வயதுக்காரருக்கு இது வேண்டாம். ஆனால் தெரியாமல் கொஞ்சம் பவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது, நீலப் பூச்சுக்குக் கொடுக்கும் பணத்தைவிட உருப்படியான செலவு.

கடைசியாக, இலவசமானது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால், இருபது விநாடி பார். இருபது என்ற எண்ணில் மந்திரம் ஏதுமில்லை, நினைவில் நிற்க வசதி, அவ்வளவே. 60 செ.மீ. தூரத்துக்குக் கண்ணின் தசை இறுகிக்கொண்டே இருக்கிறது. ஆறு மீட்டரைத் தாண்டினால் அநேகமாகத் தளர்ந்துவிடும். இதிலுள்ள ஒரே குறை, யாரும் செய்வதில்லை. நினைவூட்டும் செயலி போட்டேன். மூன்றாம் நாளிலிருந்து பார்க்காமலே மூடினேன். ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் ஜன்னல் வழியே கோர் தெ கார்ட் மலையைப் பார்ப்பது என்று மாற்றினேன், அது நிலைத்தது. இருபது அடி எங்கே, மலை எங்கே! (காவடிக்கு மறுநாள் மட்டும் பார்க்க மாட்டேன். அடிவாரத்து முருகன் கோயில் படிகள் நினைவுக்கு வந்து கால் வலிக்கும்.)

ஒரே சிக்கல், மலை எங்களுக்கு மேற்கே இருக்கிறது. கண் அதிகம் எரியும் நாலு மணிக்குத்தான் வெயிலும் அந்த ஜன்னலில் நேராக இறங்கும். திரைச்சீலையை இறக்கினால் மலை போச்சு, ஏற்றினால் கண் கூசும். அதனால் அந்த நேரத்தில் எழுந்து தளத்தின் கிழக்குக் கோடிவரை நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.